காலுக்குக் கீழே நிலா

கடைசிப் பால் கொடுத்தாயிற்று. இனி விடிந்து, ஆபரேஷன் முடிந்து, அவன் கண் விழிக்கிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது என்று சொல்லி, நர்ஸ் பாலாடையை என் கையிலிருந்து வாங்கிக் கழுவி, எனக்கு எட்டாத அலமாரித் தட்டில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள், நான் மனசு மாறித் திருட்டுத்தனமாகக் கொடுத்துவிடுவேன் என்று நினைத்தவள்போல. கொடுத்துவிடுவேன்தான். வயிற்றில் பால் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்று மயக்க டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார், நானும் திரும்பத் திரும்பத் தலையாட்டினேன், ஆனாலும் இவன் அழ ஆரம்பித்தால் என் கை என்ன செய்யும் என்பது என் கைக்குத்தான் தெரியும். இப்போதைக்குத் தூங்குகிறான். மொச்சை. பெயர் வைக்கிற அன்றைக்கு வேறு நல்ல பெயர்தான் வைத்தோம், ரேஷன் கார்டில் ஏறப்போவது அதுதான், ஆனால் முதல் ஸ்கேனில் கறுப்புக்கு நடுவில் ஒரு மொச்சைக் கொட்டை மாதிரி மிதந்தவனை நான் அன்றைக்கே மனசுக்குள் கூப்பிட்டுவிட்டேன், பிறகு எந்தப் பெயரும் ஒட்டவில்லை. என் மொச்சைக்கு மேலுதடு இடது பக்கத்தில் மூக்குவரை பிளந்திருக்கிறது. மார்பில் வாய் வைத்துச் சப்ப வராது, காற்றுதான் போகும், அதனால் பிறந்ததிலிருந்து பீய்ச்சி, பாலாடையில் ஊற்றி, வாயின் ஓரமாக விட்டு விட்டு வளர்த்தேன், பாதி அவன் வயிற்றுக்கு, கால்வாசி மூக்கு வழியாக என் சேலைக்கு, மீதி கழுத்து மடிப்புக்கு. அவன் கழுத்தில் எப்போதும் புளித்த பால் வாசனை இருக்கும். வேறு யாருக்காவது அது நாறலாம். எனக்குப் பிரியாணி மாதிரி. விடிந்ததும் அந்த உதட்டைத் தைக்கப் போகிறார்கள். தைத்துவிட்டால் எல்லாப் பிள்ளையையும்போல ஆகிவிடுவான் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அதற்காகத்தான் இங்கே வந்திருக்கிறேன், சிவகாசியிலிருந்து மதுரைக்கு இவனைத் துண்டால் மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்தேன், ஆனால் ஒரு விஷயம் யாரிடமும் சொல்ல முடியவில்லை. இவன் சிரித்தால் அந்தப் பிளவு அப்படியே அகன்று, வாய் மூக்குக்கு ஏறி, மூக்கு கன்னத்துக்குப் போய், முகம் முழுக்கச் சிரிப்பாகிவிடும், மாதுளம்பழம் தானாக வெடித்ததுபோல. அந்தச் சிரிப்பு எனக்குத்தான் தெரியும். அது நாளைக்குக் கிடையாது. என் போனில் இருக்கிற படங்களில் எல்லாம் இவன் கண்ணும் நெற்றியும்தான் இருக்கின்றன, வாயை வெட்டி வெட்டி எடுத்திருக்கிறேன், என் வீட்டுக்காரர் சொல்லி எடுக்கவில்லை, யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும் முழு முகத்தையும் எடுத்தார்கள், பளீரென்று வெளிச்சம் அடித்து, நேராக, பக்கவாட்டில், ஆனால் அதில் சிரிக்கவில்லை. ஒரு சிரிப்பு வேண்டும். விழித்ததும், பசி தெரிவதற்கு முன்னால் ஒரே ஒரு சிரிப்பு. பசித்த பிள்ளை எங்கே சிரிக்கும்.

கட்டிலை ஒட்டிய ஜன்னலில் எதிர்க் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிகிறது, அதற்கு மேலே ஒரே ஒரு நட்சத்திரம். மதுரையில் அவ்வளவுதான் வரும்போல. அது எதுவென்று தெரியாது, கோளா நட்சத்திரமா என்றும் தெரியாது, சிமிட்டினால் நட்சத்திரம் என்று படித்திருக்கிறேன், இது சிமிட்டுகிறதா இல்லை என் கண்தான் சிமிட்டுகிறதா. நான் பிறப்பதற்கு முன்பே கிளம்பிய வெளிச்சமாக இருக்கலாம். அம்மா கல்யாணம் ஆகாமல் பாவாடை தாவணியில் இருந்தபோது அங்கிருந்து கிளம்பி, நடுவில் ஒரு டீக்குக்கூட நிற்காமல் ஓடி வந்து, இந்த வார்டு ஜன்னல் வழியாக நுழைந்து, மருந்துப் பாட்டில் தொங்குகிற கம்பிக்குப் பக்கத்தில் தூங்காமல் உட்கார்ந்திருக்கிற என் கண்ணில் விழுந்திருக்கிறது. எனக்காகக் கிளம்பியது இல்லை. என் கண்ணுக்கு வந்தது ஒரு துளி, மீதி எல்லாம் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்து வீணாகிறது. அவ்வளவு பெரிய இடம், இவ்வளவு வீண். அதில் இவன் உதட்டில் ஒரு விரல்கடைத் தோல் சேரவில்லை என்று நான் அழுதேனே, அதை யார் கணக்கில் வைப்பார்கள். ஆறாவது படிக்கும்போது கான்வெண்ட் மைதானத்தில் சிஸ்டர் ஆக்னெஸ் எங்களைக் கிரகங்களாக நிறுத்தினார். பிரிசில்லா த்ரோபாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சூரியன். நான் வகுப்பிலேயே குள்ளம், எல்லோரும் முந்திக்கொண்டது போக எனக்கு மிஞ்சியது நெப்டியூன், பின்பக்க கேட்டுக்குப் பக்கத்தில், குப்பை எரிக்கிற தொட்டியிடம். "இதே கணக்குல அடுத்த நட்சத்திரத்தை வைக்கணும்னா உங்கள்ல ஒருத்தியை ரயில் ஏத்தி மெட்ராஸ் தாண்டி அனுப்பணும், யார் போறீங்க" என்று சிஸ்டர் கத்தியது காற்றில் பாதிதான் வந்தது. நான் கை தூக்கினேன். யாரும் பார்க்கவில்லை. அப்புறம் விசில் அடித்து எல்லோரையும் வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார், எனக்கு அது எட்டவில்லை. சூரியன் போயிற்று, பூமி போயிற்று, மைதானம் காலியாகிவிட்டது, நான் மட்டும் நெப்டியூனாகவே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தேன், மெதுவாகத்தான் சுற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பயமே இல்லை. அதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. என்னை மறந்துவிட்டார்கள் என்றே தோன்றவில்லை, பெரிய வேலை ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் இருந்தது. இப்போது எல்லாவற்றுக்கும் பயம். மயக்க டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண்ணாகத் தெரிந்தார், கையில் மருதாணி, "தூங்க வைப்போம், எழுப்பிடுவோம், அவ்வளவுதாம்மா" என்றார். தூங்க வைப்பதற்கும் எழுப்புவதற்கும் நடுவில் அவன் எங்கே இருப்பான் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் சிரிப்பார். தூக்கம் என்றால் அவன் எனக்குத் தெரியும், தூக்கத்தில் உறிஞ்சுகிற மாதிரி வாயை அசைப்பான், கட்டை விரலைப் பிடித்தால் பிடித்துக்கொள்வான், அவனுடைய தூக்கம் என் மடிக்கு உள்ளே நடக்கிற தூக்கம். இது அப்படி இல்லையே. இது ரயில் ஏற்றி மெட்ராஸ் தாண்டி அனுப்புவது. அங்கிருந்து அவனுக்கு என் குரல் கேட்காது, விசில் அடித்தாலும் கேட்காது. அவனுக்குச் சுற்றவும் தெரியாது. மூச்சு விடுகிறானா. விடுகிறான். வயிறு ஏறி இறங்குகிறது. உச்சிக்குழி துடிக்கிறது, பூனைக்குட்டி ஒன்று துணிக்கு அடியில் இருக்கிற மாதிரி.

கட்டிலுக்குக் கீழே பாயில் மதினி புரள்கிறாள். அவருடைய அக்கா, தங்கபுஷ்பம். அம்மா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து, தனக்கு ஒரு கல்யாணம் வேண்டும் என்று கேட்க மறந்துபோனவள். சிவகாசியில் தினசரி காலண்டர் பிரஸ்ஸில் தாள்களை அடுக்கித் தலையில் தகரப் பட்டை போடுகிற வேலை, அதனால் எங்கள் வீட்டில் புது வருஷம் ஆவணி மாதமே வந்துவிடும். எந்த நாள் அமாவாசை, எந்த நேரம் ராகு காலம், எல்லாவற்றையும் ஊருக்கு முன்னால் தெரிந்தவள். எனக்கு ஆறாம் மாதம் நடந்தபோது ஒரு சந்திர கிரகணம் வந்தது. காலண்டரில் கிரகணம் என்று போட்டு, அடியிலேயே 'இங்கு தெரியாது' என்றும் போட்டிருந்தது. பகலில் வருகிற கிரகணம், நமக்குப் பகல் என்றால் நிலாவே இந்தப் பக்கம் இருக்காது. எனக்குத் தெரியும். கான்வெண்டில் படித்தவள், நெப்டியூனாக இருந்தவள். ஜன்னலில் போர்வையை ஆணி அடித்துக்கொண்டிருந்த மதினியிடம் போய், "இங்க தெரியாதுன்னு போட்டிருக்கு மதினி" என்றேன். "நான் தகரம் போட்ட காலண்டரை எனக்கே வாசிச்சுக் காட்டுதியா. தெரியாதுன்னுதான் போட்டிருக்கு. பிடிக்காதுன்னா போட்டிருக்கு?" என்றாள். "அது கனடாவுல ராத்திரி, அங்கதான் பிடிக்கும்." "அங்க ஒண்ணு இங்க ஒண்ணா தொங்குது. ஒரே நிலாதானே. போ, உள்ள போய் நீட்டிப் படு. சொறியாதே." நான் போனேன். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன், ஏன் போனேன். சண்டை போட்டிருக்கலாம், அவர்கூட என் பக்கம்தான் இருந்தார், "விடுக்கா, அவ படிச்ச பிள்ள" என்றார். நான் போய் இருட்டில் படுத்தேன், வயிற்றின் மேல் அருகம்புல், பட்டப்பகல், வேனல், வியர்த்து ஊற்றுகிறது, மூக்கு அரிக்கிறது, சொறியவில்லை. என் படிப்பு வாசலோடு நின்றுவிட்டது, பயம்தான் உள்ளே வந்து என் பக்கத்தில் படுத்தது. ஒருவேளை என்று சொல்கிற பயம். ஒருவேளை பிடித்துவிட்டால். ஒருவேளைக்கு எந்த வாத்தியாரும் பாடம் எடுக்கவில்லை. கடைசியில் சிறுநீர் முட்டி அழுகிற நிலைக்கு வந்தபோதுதான் மதினி கதவைத் திறந்து, தலையோடு கம்பளியைப் போர்த்தி, அதற்கு மேல் குடையையும் பிடித்து, முற்றத்தைக் கடத்திக் கூட்டிப்போனாள். மத்தியான வெயிலில், வானத்தில் இல்லாத நிலாவுக்குக் குடை. எதிர்வீட்டு மாரியக்கா பார்த்துவிட்டு, "என்னத்தா, பொண்ணு மாப்பிள்ளை ஊர்கோலமா" என்றாள். அன்றைக்கு நான் சிரித்தேன். அப்புறம் மொச்சை பிறந்தான். துண்டை விலக்கிப் பார்த்தவர்கள் ஒவ்வொருத்தரும் முதலில் "கிரகணமா" என்றுதான் கேட்டார்கள். கத்தி எடுத்தியா, ஊசி கோர்த்தியா, ஒரு கோவக்காயாவது நறுக்கியிருப்பே, யோசிச்சுப் பாரு. மதினி யாரையும் விடவில்லை. "அவ ஒண்ணும் தொடலை. கட்டை மாதிரி கெடந்தா. நான் சாட்சி. செஞ்சது அந்த மூதேவி" என்று மேலே கை காட்டினாள். ஒரு பௌர்ணமி அன்று முற்றத்தில் நின்று நிலாவைப் பார்த்து அவள் பேசியதை நான் உள்ளேயிருந்து கேட்டேன். "உனக்கு வேற எடமே கெடைக்கலையா. இத்தனை பெரிய ஊர்ல பச்சப் பிள்ளை உதடுதான் கெடைச்சுதா. வெக்கமா இல்ல. நல்லா வெள்ளையும் சொள்ளையுமா வந்து நிக்கிறியே."

வெக்கம் என்ன, அதற்குக் காதே இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய. உதடு எப்படி உண்டாகிறது என்று இங்கே பெரிய டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். முகம் ஒரே துண்டாக வருவதில்லையாம், இரண்டு பக்கத்திலிருந்தும் சதை மெல்ல மெல்ல வளர்ந்து நடுவுக்கு வந்து ஒன்றையொன்று தொட்டு ஒட்டிக்கொள்ளுமாம், எல்லாருக்கும் அப்படித்தான், மூக்குக்குக் கீழே நமக்கு இருக்கிற அந்தச் சின்ன வாய்க்கால் அப்படி ஒட்டிய தடம்தானாம். அது இரண்டாம் மாதத்திலேயே முடிந்துபோகிற வேலை. அப்படியானால் ஆறாம் மாதக் கிரகணம் வந்தபோது என் மொச்சை ஏற்கெனவே இந்த முகத்தோடுதான் உள்ளே மிதந்துகொண்டிருந்தான், குடை பிடித்தபோதும், கம்பளி போர்த்தியபோதும். ஒரு பக்கம் கிளம்பி வந்தது, மறு பக்கம் கிளம்பி வந்தது, இருட்டில் ஒன்றையொன்று தேடி, கிட்டத்தட்டப் பார்த்துவிட்டு, பார்க்காமல் போய்விட்டன. அந்த நாளில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன். உண்டாகியிருப்பதே தெரியாது. பஜாரில் வளையல் வாங்கியிருப்பேன், அவரோடு வண்டியில் போய் புரோட்டா தின்றிருப்பேன், காய்ச்சலுக்கு மாத்திரை போட்டேனா, வேகமாகப் படியிறங்கினேனா, யாரையாவது பார்த்துச் சிரித்தேனா, பஸ்ஸில் ஒரு பெரியவருக்கு எழுந்து இடம் கொடுக்காமல் தூங்குகிற மாதிரி நடித்தேனே, அது எந்த மாதம். "காரணம் எல்லாம் எப்பவும் சொல்ல முடியாதும்மா, சும்மா நடக்கும், உங்க மேல தப்பில்ல" என்றார் டாக்டர். ஆறுதலுக்குத்தான் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்கு உள்ளே கால் வழுக்கியது. சும்மா நடக்கும். கிரகணம் என்றால் ஒரு மேல்விலாசமாவது இருக்கிறது, முற்றத்தில் நின்று திட்டலாம். சும்மா என்பதை எங்கே போய்த் திட்டுவது. அந்தத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே இருக்கிறது முழுவதும் சும்மா. சும்மா எரிகிறது, சும்மா சுற்றுகிறது, சும்மா ஒரு உதட்டை விட்டுவிடுகிறது. அப்படியானால் நாளைக்கும் சும்மா. எழுப்பிடுவோம் என்று மருதாணிக் கை சொல்கிறது, சும்மா எழும்பாமல் போனால். இல்லை. அப்படி நினைக்காதே. நினைத்தால் அதற்குக் காது கேட்கும். காது இல்லை என்று இப்போதுதானே சொன்னேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் இவன் மூக்கும் சும்மா வந்ததுதான், அப்படியே அவர் மூக்கு. இந்தக் காதுமடலில் பூனைமயிர். குதிகாலில் இன்னும் நடக்காத தோல், அப்பளம் மாதிரி. இதையெல்லாம் நானா செய்தேன். நான் வளையல் வாங்கிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் வயிற்றுக்குள் உட்கார்ந்து யாரோ இவ்வளவு நுணுக்கமாக இரண்டு கைக்கும் நகம் வைத்திருக்கிறார்கள். ஒரு இடத்தில் கை தவறியது. அதைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். நகத்தை யாரும் பார்க்கவில்லை.

"தூங்கலையா வினோ" என்று கீழேயிருந்து மதினி கேட்டாள். இல்லை என்றேன். அவளும் தூங்கவில்லை, பாயில் எழுந்து உட்கார்ந்து முடியை அள்ளி முடிந்தாள். "நீங்க நேத்து ராத்திரி ஒண்ணும் சாப்பிடலைன்னு அவர் சொன்னார். கேண்டீன்ல இட்லி வாங்கி வெச்சிருக்கு, சாப்பிடுங்க மதினி." "பிள்ளை பட்டினி கெடக்கான், எனக்கு என்ன இட்லி." "அவன் இப்பதான் வயிறு முட்டக் குடிச்சான். நீங்க நேத்துலேர்ந்து பட்டினி. அவனுக்கு முன்னாடி நீங்க விழுந்தா உங்களை யார் தூக்குறது, உங்க தம்பியால முடியுமா." "அவன் ஒரு சிலிண்டரையே உருட்டிக்கிட்டுப் போறவன்" என்றாள், இருட்டில் சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம் சிரிப்பு இல்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லணும்" என்றாள். "அன்னைக்கு நீ ஒண்ணுக்குப் போகணும்னு அழுதப்ப நான் கதவைத் தொறந்தேன்ல. முடிய இன்னும் நேரம் இருந்துச்சு. ஒரு வாளியை உள்ள வெச்சிருந்தா முடிஞ்சு போயிருக்கும். வாளி எனக்குத் தோணலை. குடைதான் தோணுச்சு. அந்தக் குடையில ஓட்டை இருந்துச்சு வினோ. நான் அப்பவே பாத்தேன்." அவ்வளவு நாளும் அவள் நிலாவைத் திட்டியது எனக்காக மட்டும் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. ஊர் முழுக்க எனக்குச் சாட்சி சொன்னவள், தனக்கு ஒரு சாட்சி இல்லாமல் கட்டிலுக்குக் கீழே கிடந்திருக்கிறாள். பட்டினி ஏன் என்றும் புரிந்தது. நான் மொச்சையை மடியிலிருந்து மெதுவாகப் படுக்கையில் விட்டுவிட்டுக் கீழே இறங்கி அவள் பாயில் உட்கார்ந்தேன். டாக்டர் வரைந்ததைச் சொன்னேன், இரண்டாம் மாதம் என்று சொன்னேன், குடைக்கும் வாளிக்கும் முன்னால் முடிந்த விஷயம் என்று சொன்னேன். "டாக்டர் அப்படித்தான் சொல்லுவாக" என்றாள். நம்பவில்லை. அப்போதுதான் என் வாயில் அது வந்தது. "மதினி, அன்னைக்கு நிலா நம்ம காலுக்குக் கீழ இருந்துச்சு." "எங்க?" "கீழ. தரைக்குக் கீழ, பூமிக்கு அந்தப் பக்கம். நமக்குப் பகலாச்சே. குடையில ஓட்டை இருந்தாலும் அது மேலேர்ந்து வரலை, மேல சூரியன்தான் இருந்துச்சு." மதினி பாயிலிருந்து காலை லேசாகத் தூக்கி, சிமெண்டுத் தரையைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "இதுக்குக் கீழயா." "ஆமா." "அப்ப அதைப் பிடிச்சது என்ன?" "நிழல். சூரியன் இந்தப் பக்கம், நிலா அந்தப் பக்கம், நடுவுல நாம. பூமியோட நிழல் போய் அது மேல விழுந்துச்சு. இந்தப் பக்கம் இருந்ததெல்லாம் சேர்ந்த நிழல், மதினி. சிவகாசி, உங்க பிரஸ், மாரியக்கா வீடு, எல்லாம்." இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, எனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அந்தப் போர்வை மூடிய அறையில் நான் வியர்த்துக்கொண்டு கிடந்தபோது நிலா எங்களைத் தொடவில்லை, நாங்கள்தான் நிலாவைத் தொட்டுக்கொண்டிருந்தோம். "குடை?" என்றாள் மதினி. "குடையும்தான்." "வயித்துல இருந்தவன்?" "அவனும் அதுல இருந்தான். தம்மாத்தூண்டு." மதினி யோசித்தாள். "அடி கழுதை. அப்ப அதுல்ல நம்மளைப் பாத்துக் கதவைச் சாத்தியிருக்கணும்" என்றாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன், அடுத்த கட்டிலில் யாரோ இருமினார்கள், மதினியும் சேலையை வாயில் வைத்துக்கொண்டாள், இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். பிறகு அவள் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். பாதியைப் பிட்டு என் வாயில் வைத்தாள். "சவம், காஞ்சு போச்சு" என்றாள், சாப்பிட்டாள்.

ஜன்னல் வெளுத்தபோது அவன் விழித்தான். நான் போனை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டேன், நாக்கைச் சொடுக்கினேன், பூ என்று ஊதினேன், அவர் வராந்தாவிலிருந்து கதவுவரை வந்து எட்டிப் பார்த்துக் கோமாளி மாதிரி காதை ஆட்டினார், அவரால் காதை ஆட்ட முடியும், அதைப் பார்த்துத்தான் நான் கல்யாணத்துக்குச் சரி என்றேன் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். மொச்சை யாரையும் சட்டை செய்யவில்லை. பாலாடை எங்கே என்று வாயால் தேடினான். இடது பக்கம் தேடினான், வலது பக்கம் தேடினான், என் முழங்கையைக்கூட விசாரித்தான். அப்புறம் அழுதான். அழுகை கேட்டதும் எனக்குப் பால் இறங்கிவிட்டது, ரவிக்கை நனைந்து, சேலை நனைந்து, அவனுக்கு வாசனை தெரிந்து, அழுகை வீறிடலாகி, நான் தோளில் போட்டுக்கொண்டு வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன், மெதுவாக, மெதுவாகத்தான் சுற்ற வேண்டும். அலமாரித் தட்டில் பாலாடை கவிழ்ந்து கிடக்கிறது. மதினி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டால் எட்டும். என் கண் அங்கே போனதை மதினி பார்த்தாள், எழுந்துபோய் அலமாரியை மறைத்து அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். நான் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியாது. உலகத்தில் எத்தனை கோடிப் பிள்ளைகள் இந்த நேரத்தில் பசித்து அழுதிருக்கும், எத்தனை பிள்ளைகளுக்குப் பால் கிடைத்திருக்கும், கிடைக்காமல் போயிருக்கும், எல்லாம் ஒரு புள்ளிக்குள், அந்தப் புள்ளியை அந்த நட்சத்திரத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, தெரியாது என்றால் இல்லை என்றா அர்த்தம். போன் கட்டிலில் கிடந்தது. அழுகிற வாயை முழுசாக ஒரு படம் எடுத்தேன், அது போதும் என்று. ஆடிப்போய்க் கலங்கலாக விழுந்திருந்தது, ஆனால் வாய் இருந்தது.

கூப்பிட்டார்கள். பச்சைத் துணிச் சட்டையை மாட்டிவிட்டார்கள், அதில் இரண்டு மொச்சை போகலாம். தியேட்டர் வாசல்வரை அம்மா தூக்கிக்கொண்டு வரலாம் என்று நர்ஸ் சொன்னாள். அவரும் மதினியும் மாடிப்படியோடு நின்றுவிட்டார்கள். அவர் இவன் காலைப் பிடித்துப் பெருவிரலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, எனக்குத் தெரியக்கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கிருந்து நீளமான நடைவழி, ஜன்னல் கிடையாது, கூரையில் வரிசையாக வட்ட விளக்குகள், கடைசியில் இரட்டைக் கதவு. நான் இவனைக் கையில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு நடந்தேன், வீறிட்டுக்கொண்டே வந்தான், முதல் விளக்குக்குக் கீழே போனதும் பாதி வீறிடலில் நிறுத்தினான். பசி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண் இரண்டும் அகலமாகி, வாய் அப்படியே திறந்தபடி, பிளவும் திறந்தபடி, விளக்கையே பார்த்தான். சிரிக்கவில்லை. பார்த்தான். அது அவன் தலைக்குப் பின்னால் நகர்ந்து போனபோது கழுத்தை வளைத்து அதன் பின்னாலேயே போனான், போய்த் தொலைத்து, திகைத்து, அடுத்தது வந்ததும் அதையும் அப்படியே, முதல்முதலாகப் பார்ப்பதைப்போல. நெற்றியில் ஒரு சுருக்கம். இவ்வளவு யோசனையோடு இவன் என்னைக்கூடப் பார்த்ததில்லை. இவன் பிறந்த நாளிலிருந்து எல்லோரும் இவனைத்தான் உற்றுப் பார்த்தார்கள், துண்டை விலக்கி, டார்ச் அடித்து, வாயைத் திறந்து. இவன் உற்றுப் பார்ப்பதற்கு ஒன்று கிடைத்திருக்கிறது. நான் நடையைக் குறைத்தேன். ஒவ்வொரு விளக்குக்குக் கீழேயும் நின்றேன். கதவுக்கு முன்னால் மருதாணிக் கை இரண்டும் நீண்டிருந்தன, கையுறைக்குள் போவதற்கு முன்னால் ஒரு தடவை. "குடுங்கம்மா, நேரமாகுது." "ஒரு நிமிஷம் டாக்டர்" என்றேன். "இன்னும் ஒரு லைட் இருக்கு. அவன் பாத்துடட்டும்."